விரல் நுனியையும் காட்டையும் அளக்கும் ஒரே கணக்கு

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும், 705 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோளும் அடிப்படையில் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன. சிவப்பு ஒளி எவ்வளவு வந்து சேர்கிறது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்து இரண்டையும் ஒப்பிடுகின்றன. அதை வைத்து ஒன்று ரத்தத்தில் ஆக்சிஜன் எப்படி இருக்கிறது என்று சொல்கிறது. மற்றது நிலத்தில் பசுமை எப்படி இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டு முறைகளும் 1970களின் முதல் பாதியில், ஒன்று ஜப்பானிலும் மற்றது அமெரிக்காவிலும் தனித்தனியாகப் பிறந்தவை. ஊசி குத்தாமல், இலை பறிக்காமல் அளப்பதுதான் இரண்டின் பெருமையும்.

அவை சரியாகச் சொல்வதற்கு எது காரணமோ அதுவேதான் தவறாகச் சொல்வதற்கும் காரணம். அதைப் புரிந்துகொண்டால், கருவியின் திரையில் தெரியும் 97 என்ற எண்ணையும், வரைபடத்தில் தெரியும் கரும்பச்சையையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கும்.

முதலில் அந்த ஒற்றுமை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஹீமோகுளோபினுக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீம் என்ற பகுதி இருக்கிறது. அது ஒரு வளையம். நடுவில் இரும்பு அணு. இலையின் பச்சையத்திலும் ஏறக்குறைய அதே வளையம். நடுவில் இரும்புக்குப் பதில் மக்னீசியம். வேதியியலில் இதற்குப் போர்ஃபைரின் வளையம் என்று பெயர். இந்த இரண்டு மூலக்கூறுகளின் அமைப்பையும் ஆராய்ந்ததற்காகத்தான் ஜெர்மன் வேதியியலாளர் ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. உயிரணுக்கள் இவற்றை உருவாக்கும் பாதையும் வெகுதூரம் ஒன்றாகவே போய், கடைசிக் கட்டங்களில்தான் பிரிகிறது. சிவப்பு ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதிலேயே தன் நிலையைக் காட்டிக்கொடுக்கும் குணம் இரண்டுக்கும் உண்டு. விலங்கின் ரத்தமும் செடியின் இலையும் இவ்வளவு நெருங்கிய உறவு என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ரத்தத்தின் கதை இதில் மூத்தது. ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, இறக்கிவிட்ட ரத்தம் கருஞ்சிவப்பு. 1862இல் ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலர் ரத்தத்தின் வழியே ஒளியைச் செலுத்தி, அது எந்தெந்த நிறங்களை விழுங்குகிறது என்று பதிவு செய்தார். 1864இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், ஆக்சிஜன் சேர்ந்தாலும் பிரிந்தாலும் விழுங்கப்படும் அந்த நிறங்கள் மாறுகின்றன என்று காட்டினார். அதாவது நிறத்தை வைத்தே ஆக்சிஜனைச் சொல்லிவிடலாம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அது கண்ணாடிக் குப்பியில் இருக்கும் ரத்தத்துக்குத்தான் பொருந்தும். உயிருள்ள ஒருவரின் விரலில் தோல் இருக்கிறது, நகம் இருக்கிறது, எலும்பு இருக்கிறது, திரும்பி வரும் சிரை ரத்தமும் இருக்கிறது. எல்லாமே ஒளியை விழுங்கும். இதில் தமனி ரத்தம் விழுங்கியது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உயரத்தில் பறக்கும் விமானிகள் மயங்கிவிடாமல் கண்காணிக்க கிளென் மில்லிகன் காதில் மாட்டும் கருவி ஒன்றைச் செய்தார். பின்னாளில் வந்த சில கருவிகள் காதைச் சூடாக்கி, அங்கே தமனி ரத்தம் அதிகம் ஓடும்படி செய்து அளந்தன. வேலை செய்தன, ஆனால் அவை பருமனானவை, ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகச் சரிபார்க்க வேண்டியவை. பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலேயே தங்கிவிட்டன.

விடை வந்த விதம் அழகானது. ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த டக்குவோ அயோயாகி அப்போது ஆக்சிஜனை அளக்கவே முயலவில்லை. ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, அது காதில் எப்படிக் கூடிக் குறைகிறது என்று ஒளியால் பார்த்து, இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று கணக்கிடப் பார்த்தார். ஒவ்வொரு துடிப்பிலும் ஒளி ஏறி இறங்கி அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. சாயம் விழுங்காத அகச்சிவப்பு அலைநீளம் ஒன்றைக் கூடவே அளந்து, அதை வைத்து அந்தத் துடிப்பைக் கழித்துவிட நினைத்தார். கழிந்தது. ஆனால் மூச்சைப் பிடித்து ஆக்சிஜன் குறைந்தபோது அந்தத் துடிப்பு மறுபடி கழிபடாமல் நின்றது. தொல்லை என்று ஒதுக்கிய அந்த மிச்சத்தில்தான் ஆக்சிஜன் அளவு இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார்.

விரலுக்குள் துடிப்பது தமனி ரத்தம் மட்டும்தான். தோலும் எலும்பும் துடிப்பதில்லை. ஆகவே வந்து சேரும் ஒளியில் ஏறி இறங்கும் பகுதி தமனியுடையது. அசையாமல் நிற்கும் பகுதி மற்ற எல்லாவற்றுக்கும் உரியது. ஏறி இறங்குவதை அசையாததால் வகுத்தால் விரலின் தடிமன், விளக்கின் பலம், தோலின் நிறம் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிட வேண்டும். இதைச் சிவப்புக்கு ஒரு முறை, அகச்சிவப்புக்கு ஒரு முறை செய்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்கிறார்கள். இன்றைய கருவிகளில் பெரும்பாலும் 660 நானோமீட்டர் சிவப்பும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பும் பயன்படுகின்றன. 660இல் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின், ஆக்சிஜன் உள்ளதைவிட சுமார் 10 மடங்கு ஒளியை விழுங்கும்; 940இல் நிலைமை தலைகீழ், ஆனால் வித்தியாசம் குறைவு. அந்த விகிதம் 0.5 அளவில் இருந்தால் திரையில் ஏறக்குறைய 97 அல்லது 98 வரும். 1 ஆக இருந்தால் 85 வரும். அயோயாகி இதை 1974இல் வெளியிட்டார்.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 1972 ஜூலை 23 அன்று, பிற்பாடு லேண்ட்சாட் 1 என்று பெயர் மாறிய செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. அது சிவப்பையும் அகச்சிவப்பையும் தனித்தனி அலைவரிசைகளில் பதிவு செய்தது. ஆரோக்கியமான இலையின் மேல் படும் சிவப்பு ஒளியைப் பச்சையம் பெரும்பாலும் விழுங்கிவிடும். அகச்சிவப்பை அதனால் விழுங்க முடியாது. இலைக்குள் இருக்கும் காற்று இடைவெளிகளில் பட்டுச் சிதறி அதில் பாதிக்கு நெருக்கமாகத் திரும்பி வரும். அதனால் அகச்சிவப்பில் பார்த்தால் செடி பளபளக்கும், சிவப்பில் பார்த்தால் கறுத்திருக்கும். வெறும் மண்ணுக்கு இவ்வளவு வித்தியாசம் கிடையாது.

அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, பெரும் சமவெளிப் புல்வெளிகளில் வசந்த காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகரும் பசுமை அலையை இந்தப் படங்களில் பின்தொடர முயன்றது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்துப் பார்த்தார்கள். சிக்கல் என்னவென்றால், டெக்சஸில் சூரியன் இருக்கும் உயரம் வேறு, வடக்கு டக்கோட்டாவில் இருக்கும் உயரம் வேறு. வெளிச்சம் குறைந்தால் வித்தியாசமும் குறைந்தது. புல் அப்படியே இருந்தாலும் எண் மாறியது. சரி, வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துவிடுவோம் என்றார்கள். வெளிச்சம் இரண்டையும் ஒரே மடங்கில் குறைத்தால், வகுக்கும்போது அந்த மடங்கு மறைந்துவிடும். 1973, 1974இல் வெளியான இந்தக் கணக்குதான் இன்று உலகம் முழுக்கப் புழங்கும் என்.டி.வி.ஐ. என்ற தாவரக் குறியீடு. மைனஸ் 1 முதல் 1 வரை போகும். தண்ணீருக்குச் சுழிக்குக் கீழே, வெறும் மண்ணுக்கு 0.1, 0.2 அளவில், அடர்ந்த தாவரங்களுக்கு 0.8, 0.9 வரை.

இரண்டு கண்டுபிடிப்பின் சாரமும் ஒன்றுதான்: தெரியாததை அளந்து சரிசெய்வதற்குப் பதில், வகுத்து ஒழித்துவிடுவது.

இதனால் கிடைத்த பலனைக் குறைத்துச் சொல்லவே முடியாது. ஆக்சிமீட்டர் வருமுன் மயக்க மருத்துவர் நோயாளியின் உதடும் நகமும் நீலமாகிறதா என்று பார்த்துத்தான் ஆக்சிஜன் குறைவதை ஊகிக்க வேண்டும். அந்தக் கண்பார்வை எவ்வளவு நம்பத்தகாதது என்று ஜூலியஸ் காம்ரோவும் ஸ்டெல்லா போட்டெல்ஹோவும் 1947லேயே காட்டினார்கள்; ஆக்சிஜன் நன்றாக இறங்கிய பிறகும் பலருடைய கண்ணுக்கு நீலம் தெரியவில்லை. 1980களில் பல்ஸ் ஆக்சிமீட்டர் அறுவை அரங்குக்குள் வந்தது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்கம் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்றாக நின்றது.

செயற்கைக்கோள் பக்கத்திலும் அப்படித்தான். காம்ப்டன் டக்கர் என்ற நாசா விஞ்ஞானி, வானிலைச் செயற்கைக்கோள்களில் இருந்த கருவியை வைத்து ஆப்பிரிக்கா முழுவதையும் வாரா வாரம் பார்க்க முடியும் என்று காட்டினார். சகாரா தெற்கே நகர்ந்துகொண்டே போகிறது என்று பரவலாகப் பேசப்பட்ட காலம் அது. 1980 முதல் 1990 வரையிலான தரவுகளை அவரும் சகாக்களும் 1991இல் வெளியிட்டபோது வேறொரு படம் தெரிந்தது: பாலைவனத்தின் தெற்கு எல்லை வறட்சி உச்சத்தில் இருந்த 1984 வரை கீழே இறங்கியது, அடுத்த வருடம் மழை பெய்ததும் மேலே ஏறியது. அதுவரை ஒற்றைத் திசையில் நகர்வதாக நினைத்த ஒன்று, மழையோடு சேர்ந்து முன்னும் பின்னும் போய்வருவது அப்போதுதான் எண்ணாகத் தெரிந்தது.

மருத்துவமும் செயற்கைக்கோளும் நேரடியாகச் சந்தித்த இடமும் ஒன்று உண்டு. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் கால்நடைகளில் கருச்சிதைவை உண்டாக்கும், மனிதர்களையும் தாக்கும் வைரஸ் நோய். அதைக் கடத்தும் ஒரு வகைக் கொசுவின் முட்டைகள் காய்ந்த தாழ்நிலங்களின் மண்ணில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, பெருமழையில் நிலம் மூழ்கியதும் பொரிக்கும். அதே மழைதான் வறண்ட நிலத்தைப் பச்சையாக்குகிறது. ஆகவே வழக்கத்துக்கு மாறான பசுமை என்பது கொசுப் பெருக்கத்தின் அறிகுறி. கென்னத் லிந்திகமும் டக்கரும் அடங்கிய குழு 1987இல் இந்தத் தொடர்பைக் கென்யாவில் காட்டியது. கடல் வெப்பநிலை, மழை, பசுமை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து 2006 செப்டம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஆபத்து வரும் என்று கணித்தார்கள். டிசம்பரில் கென்யாவின் கரிசா பகுதியில் நோயாளிகள் தென்பட்டார்கள். நோய் பரவும் முன் இரண்டு முதல் ஆறு வாரம் வரை எச்சரிக்கை கிடைத்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். தடுப்பூசியையும் கொசுக்கட்டுப்பாட்டையும் கொண்டுபோய்ச் சேர்க்க அது பயன்படக்கூடிய அவகாசம்.

இனி இந்த எண்கள் எதைச் சொல்வதில்லை என்பதற்கு வருவோம்.

இரண்டு எண்களுக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறக்குறைய 100 மி.மீ. பாதரசம் இருக்கும்போது ஹீமோகுளோபின் 97 சதவீதம் நிரம்பியிருக்கும். அழுத்தம் 60க்குச் சரிந்தாலும் நிரம்பல் 90 சதவீதத்தில்தான் நிற்கும். பாதிக்குக் கொஞ்சம் குறைவான அளவு அழுத்தம் போய்விட்டது, திரையில் வெறும் 7 புள்ளிதான் இறங்கியிருக்கிறது. அதற்குக் கீழே போனால் சரிவு செங்குத்து. உடலுக்கு இது ஒரு வரம். அளப்பவருக்கு இது ஒரு மறைப்பு. தாவரக் குறியீட்டிலும் இதே வளைவைப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேல் மூன்று, நான்கு சதுர மீட்டர் இலை வந்துவிட்டால் சிவப்பு ஒளியில் திரும்பி வர ஒன்றும் மிச்சமில்லை. அதற்கு மேல் இலை எவ்வளவு கூடினாலும் எண் அசைவதில்லை. நன்கு வளர்ந்த பயிரும் பல அடுக்கு மழைக்காடும் வரைபடத்தில் ஒரே பச்சையாகத் தெரிவது அதனால்தான்.

அப்புறம், இரண்டும் விகிதங்கள், மொத்த அளவுகள் அல்ல. இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றுதான் ஆக்சிமீட்டர் சொல்லும். கடும் ரத்தசோகையில் ஹீமோகுளோபினே பாதியாகக் குறைந்திருந்தாலும், இருப்பதெல்லாம் நிரம்பியிருந்தால் 98 காட்டும். உடலுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனோ பாதிதான். கார்பன் மோனாக்சைடு இன்னும் மோசம். அது ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின் 660 நானோமீட்டரில் ஆக்சிஜன் ஏறியதைப் போலவே நடந்துகொள்ளும். புகையில் சிக்கி மூச்சுத்திணறும் ஒருவருக்குக் கருவி நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். சில மருந்துகளாலும் நச்சுகளாலும் உருவாகும், ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபின் இரண்டு அலைநீளங்களையும் ஏறக்குறைய சமமாக விழுங்கும். விகிதம் 1ஐ நோக்கி நகரும், எண் 85இல் வந்து நிற்கும். உண்மையான அளவு என்னவாக இருந்தாலும் அங்கேயே நிற்கும். ஆக்சிஜன் கொடுத்தும் 85ஐ விட்டு நகராத நோயாளியைப் பார்த்தால் மருத்துவர்கள் இதைச் சந்தேகிப்பது இந்தக் கணக்கினால்தான்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது வேறு. வகுத்தால் ஒழிந்துபோகும் என்று நம்பியவை முழுவதும் ஒழிந்தனவா?

தோலின் நிறத்தைத் தரும் மெலனின் துடிப்பதில்லை. கோட்பாட்டின்படி அது கணக்கில் வரவே கூடாது. ஆனால் கருவியில் உள்ள எல்.இ.டி. விளக்கு ஒரே ஒரு அலைநீளத்தை உமிழ்வதில்லை, ஒரு சிறு பட்டையை உமிழ்கிறது. மெலனின் அதில் ஒரு பக்கத்தை அதிகமாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் விழுங்குகிறது. திசுவுக்குள் ஒளி சிதறிப் போகும் பாதையும் நிறத்தோடு மாறுகிறது. ஆகவே ஒரு மிச்சம் தங்கிவிடுகிறது. 1990இல் அமல் ஜுப்ரானும் மார்ட்டின் டோபினும், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளில் கறுப்பினத்தவர்களுக்கு ஆக்சிமீட்டர் கூடுதலாகப் பிழை செய்கிறது என்று எழுதினார்கள். அந்த எச்சரிக்கை 30 வருடம் பெரிதாக யாரையும் அசைக்கவில்லை. கோவிட் வந்து, ஒரு எண்ணை வைத்து யாரைச் சேர்ப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டிவந்த 2020 டிசம்பரில், மிஷிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரை வெளியானது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் 88க்கும் கீழே இருந்தது வெள்ளை நோயாளிகளில் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்தப் பிழையால் கோவிட் சிகிச்சைக்குத் தகுதி இருப்பது தாமதமாகவே கண்டறியப்பட்டது என்று 2022இல் வெளியான இன்னொரு ஆய்வு காட்டியது.

விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணை இயற்பியலிலிருந்து நேரடியாக வருவதில்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்து, அவர்கள் ரத்தத்தை எடுத்துச் சோதித்து, கருவி காட்டிய விகிதத்துக்கு எதிரே உண்மை அளவை எழுதி உருவாக்குகிறார்கள். 70 சதவீதத்துக்குக் கீழே யாரையும் இறக்குவது ஆபத்து. அதனால் அதற்குக் கீழே காட்டும் எண்கள் எல்லாம் நீட்டிப் போட்ட ஊகங்கள். அந்தத் தன்னார்வலர்கள் யார் என்பதுதான் கேள்வி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டுதல் கேட்டது குறைந்தது 10 பேர். அதில் கருந்தோல் உடையவர்கள் 2 பேர் அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது. கோடிக்கணக்கானவர்களின் விரலில் மாட்டப்படும் ஒரு கருவிக்கு இது போதும் என்று இருந்தது வருத்தத்துக்குரியது. ஆரோக்கியமான சிலரிடம் எழுதிய அட்டவணை, கை சில்லிட்டு ரத்த ஓட்டம் குறைந்த ஒரு நோயாளிக்கு அப்படியே பொருந்திவிடாது.

நிலத்தின் மேலும் இப்படி ஒரு மிச்சம் தங்கியது, அது ஒரு பெரிய விவாதத்தையே கிளப்பியது. சூரிய வெளிச்சம் இரண்டு அலைவரிசைகளையும் ஒரே மடங்கில் மாற்றினால்தான் வகுத்தல் பலிக்கும். மண்ணின் நிறம், காற்றிலுள்ள தூசி, 1991இல் பினட்டூபோ எரிமலை வளிமண்டலத்தில் கொட்டிய துகள்கள் எல்லாம் அப்படிச் சமமாக மாற்றுவதில்லை. இவற்றைச் சமாளிக்க நீல ஒளியையும் சேர்த்துக்கொண்ட மேம்பட்ட குறியீடு ஒன்று வந்தது. அமேசான் காடு வறண்ட பருவத்தில் மேலும் பசுமையாகிறது என்று 2006இல் அந்தக் குறியீடு காட்டியது. 2005இன் கடும் வறட்சியிலும் பசுமை கூடியது என்று 2007இல் ஒரு கட்டுரை சொன்னது. மழைக்காடு வறட்சியைத் தாங்கும் வலிமை உள்ளது என்று பொருள். பருவநிலை பற்றிய கணிப்புகளையே இது பாதிக்கும். 2010இல் வேறொரு குழு அதே தரவை மேகம், தூசி நீக்கிப் பார்த்து அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது. 2014இல் டக்ளஸ் மார்ட்டனும் சகாக்களும் காரணத்தையே காட்டினார்கள். ஜூனிலிருந்து அக்டோபருக்குள் சூரியனுக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையிலான கோணம் மாறுகிறது. மரங்களின் நிழல் பார்வையிலிருந்து மறைகிறது, அகச்சிவப்பு கூடுதலாகத் திரும்புகிறது. காடு மாறாமலே எண் ஏறுகிறது.

ஒரே இடத்தை அதனுடைய முந்தைய அளவோடு ஒப்பிட்டால் பிழை போய்விடும் என்று பலரும் நினைப்பார்கள். மண் அதே மண், தோல் அதே தோல் என்பதால் அது பெரும்பாலும் சரிதான். வறட்சியைக் கண்காணிப்பவர்கள் பல வருடச் சராசரியிலிருந்து விலகலைப் பார்ப்பதும், மருத்துவர்கள் ஒற்றை எண்ணைவிட அது போகும் திசையைக் கவனிப்பதும் இதனால்தான். ஆனால் பிழையே பருவத்தோடு சேர்ந்து மாறினால் அந்த வழியும் கைகொடுக்காது என்பதை அமேசான் காட்டியது.

அந்த விவாதம் தீர்ந்த இடம் விண்வெளி அல்ல. காட்டுக்குள் நின்ற கோபுரங்களில் கேமராவைப் பொருத்தி, ஒவ்வொரு மரமும் எப்போது இலை உதிர்க்கிறது, எப்போது துளிர்க்கிறது என்று பார்த்தார்கள். அந்தக் கோபுரங்களிலேயே காடு உள்ளிழுக்கும் கார்பனும் அளக்கப்பட்டது. 2016இல் வெளியான முடிவு இரு தரப்பும் முன்பு சொன்னதைவிட நுட்பமானது: மொத்த இலையின் அளவு பெரிதாக மாறவில்லை, ஆனால் வறண்ட பருவத்தில் பழைய இலைகள் போய் இளம் இலைகள் வருகின்றன, இளம் இலை அதிகம் உணவு தயாரிக்கிறது. இப்போது பச்சையம் வெயிலில் தானே மெலிதாக உமிழும் ஒளிர்வையும் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. 2011இல் ஜப்பானின் கோசாட் செயற்கைக்கோளின் தரவிலிருந்து அதன் முதல் உலக வரைபடங்கள் வந்தன. இலை எவ்வளவு என்பதோடு, இலை வேலை செய்கிறதா என்பதையும் நெருங்க அது வழி தருகிறது.

ஆக்சிமீட்டருக்குக் கோபுரம் என்பது தமனியிலிருந்து எடுக்கும் ரத்தமும், அதைப் பல அலைநீளங்களில் சோதிக்கும் கோ-ஆக்சிமீட்டர் என்ற ஆய்வகக் கருவியும்தான். கார்பன் மோனாக்சைடையும் மெத்ஹீமோகுளோபினையும் அது தனியே காட்டிக்கொடுக்கும். விரலில் தெரியும் எண்ணும் நோயாளியின் நிலையும் ஒத்துப்போகாதபோது அந்த ஊசியைத் தவிர்க்கக் கூடாது. மருத்துவமனைப் பயன்பாட்டுக்கான கருவிகளை 150 பேருக்குக் குறையாமல், வெவ்வேறு தோல் நிறங்களை முறையாக அளந்து சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல் கேட்கிறது. ஏற்கெனவே விற்பனையாகி உலகெங்கும் விரல்களில் மாட்டப்படும் கருவிகளோ பழைய அட்டவணையோடுதான் இயங்குகின்றன.